1990ல இருந்து மட்டும் கோடு போட்டா எப்படிங்க? ஐரோப்பிய சுற்றுச்சூழல் அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய யூனியனோட 27 நாட்டு சுற்றுச்சூழல் அமைச்சர்களுக்கும், 2024 ஜூன்ல நான் ஓட்டுப் போட்டு அனுப்பின ஐரோப்பிய பாராளுமன்றத்து உறுப்பினர்களுக்கும்,

2025 நவம்பர் 5ஆம் தேதி, பிரஸ்ஸல்ஸ்ல ராத்திரி முழுக்க உக்காந்து பேசி நீங்க எடுத்த முடிவைப் பத்திதான் எழுதறேன். பூமியை சூடாக்கற வாயுவை விடறதை 2040க்குள்ள 1990ஐ விட 90 சதவீதம் குறைப்போம்னு சொன்னீங்க. சரி. ஆனா அதுல 5 சதவீதம் வரைக்கும் வெளிநாட்டுல கார்பன் கிரெடிட் (வேற நாட்டுல புகையைக் குறைச்சதுக்கான சர்டிபிகேட்) வாங்கி கணக்குல சேத்துக்கலாம்னும் சொல்லிட்டீங்க. சட்ட வரைவு எழுதற ஐரோப்பிய கமிஷன் ஜூலைல கேட்டது 3, நீங்க அதை 5 ஆக்கினீங்க, டிசம்பர்ல பாராளுமன்றத்தோட பேசி முடிச்சப்பவும் அந்த 5 அசையவே இல்ல.

5 தானேன்னு விட்டுட முடியலங்க. 90 குறைச்சா மீதி 10. உள்நாட்டுல 85தான் குறைப்போம்னா மீதி 15. அதாவது 2040ல ஐரோப்பா காத்துல விட்டுக்கலாம்னு நீங்க அனுமதிக்கற அளவு ஒன்றரை மடங்கா ஆயிடுச்சு. டன் கணக்குல பாத்தா வருஷத்துக்கு 23 கோடி டன் பக்கம் வருது, ஸ்பெயின் நாடு முழுசும் இப்ப ஒரு வருஷத்துல விடற கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2030க்கான 55 சதவீத இலக்குல இந்த வேலையே கிடையாது, அது முழுக்க உள்நாட்டு கணக்குன்னு நீங்களேதான் சட்டத்துல எழுதினீங்க. உங்களுக்கு யோசனை சொல்ல நீங்களே வச்சிருக்கற அறிவியல் ஆலோசனைக் குழுவும் 90ல இருந்து 95 வரைக்கும் உள்நாட்டுலயே குறைங்க, வெளிய வாங்காதீங்கன்னு சொல்லுச்சு. அப்புறம் எதுக்குங்க அந்தக் குழு?

நான் யாருன்னு ரெண்டு வரி. பொறந்து வளந்தது கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி பக்கம், இப்ப இருக்கறது ஜெர்மனில ரூர் பகுதியில, ஒரு பம்ப் கம்பெனில வேலை. அதனால உங்க முடிவோட ரெண்டு முனையும் எனக்குத் தெரியும். கிரெடிட்டை வாங்கப் போற ஊர்ல இருக்கேன், கிரெடிட்டை விக்கற ஊர்ல இருந்து வந்தேன். இதையே ஜெர்மன்லயும் எழுதி எங்க பகுதி உறுப்பினருக்கு அனுப்பியாச்சு, தமிழ்ல போடறது எங்க ஆளுங்களும் படிக்கணும்னு, ஏன்னா இந்த கிரெடிட் விஷயம் நாளைக்கு எங்க ஊர்க்காரங்க வீட்டு வாசலுக்குத்தான் வரப் போகுது.

கொஞ்ச வருஷமா எனக்கு இந்த நாட்டு வாரியான கார்பன் கணக்கைப் பாக்கறது ஒரு பைத்தியம். எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு கேஸ் எரிச்சாங்கன்னு பழைய பதிவேடுங்க இருக்கறதால பிரிட்டனுக்கு 1750ல இருந்தே வருஷா வருஷம் எவ்வளவு கார்பன் விட்டாங்கன்னு வரைபடத்துல கோடு போட முடியுது. நீங்க எந்த அறிக்கையை எடுத்தாலும் 1990ல ஆரம்பிச்சு ஒரு சரிவு காட்டறீங்க, யூனியன் மொத்தமா 37 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு பெருமையா போடறீங்க. கோட்டை 1990க்குப் பின்னாடி இழுத்துப் பாத்தா கதையே வேற.

பிரிட்டனை எடுத்துக்கறேன், இப்ப அவங்க யூனியன்ல இல்லைன்னாலும் பாடம் அங்கதான் இருக்கு. பொதுமக்களுக்கு கரண்ட் விக்க நிலக்கரி எரிச்ச முதல் ஸ்டேஷன் 1882ல லண்டன் ஹோல்போர்ன்ல வந்துச்சு. 1926ல சுரங்கத் தொழிலாளிங்க மாசக்கணக்கா வேலைக்குப் போகல, அந்த ஒரு வருஷம் கோடு கிணத்துல விழுந்த மாதிரி செங்குத்தா இறங்கி அடுத்த வருஷம் திரும்ப ஏறுது. 1984 ஸ்ட்ரைக்லயும் ஒரு பள்ளம் தெரியும். 1970கள் ஆரம்பத்துல 66 கோடி டன் பக்கம் உச்சத்துக்குப் போயிட்டு, 90கள்ல கரண்ட் கம்பெனிங்க தனியார் கைக்குப் போய் எல்லாரும் வட கடல் கேஸுக்கு ஓடினப்ப கொஞ்சம் இறங்குச்சு. ஆனா பெரிய இறக்கம் எப்பன்னு பாத்தீங்கன்னா 2012க்கு அப்புறம். 2012ல அவங்க கரண்ட்ல 40 சதவீதம் பக்கம் நிலக்கரி. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி ராட்கிளிஃப்ல கடைசி ஸ்டேஷனை மூடிட்டாங்க. 142 வருஷத்து பழக்கம், கடைசி 12 வருஷத்துல முடிஞ்சு போச்சு. எப்படி? 2008ல சட்டம், 2013ல கார்பனுக்கு இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு தரை விலை, புகை அதிகமா விடற பழைய ஸ்டேஷனுங்களை மூட வச்ச ஐரோப்பிய விதி (அது உங்க விதிதாங்க, மறந்துட்டீங்களா), கடல்ல காத்தாலை. இப்ப அவங்க விடற கார்பன் உச்சத்துல இருந்ததுல பாதிக்கும் கீழ. இதுலயும் ஓட்டை இருக்கு, மரத்துண்டு எரிக்கற பெரிய ஸ்டேஷனோட புகை கரண்ட் கணக்குல பூஜ்யம்னு எழுதறாங்க, வெளிநாட்டுல செஞ்சு இறக்குமதி பண்ற சாமானோட கார்பன் கணக்குலயே வர்றதில்ல. ஆனா நிலக்கரி போனது நிஜம். அதை யாரும் வெளிநாட்டு சர்டிபிகேட் வாங்கி மூடல.

ஃபிரான்ஸ் இன்னும் சுவாரசியம். 1973ல எண்ணெய் விலை ஏறினதும் 1974 மார்ச்ல பிரதமர் மெஸ்மெர் அணு மின் நிலையமா கட்டித் தள்ளுவோம்னு அறிவிச்சாரு. பூமி சூடாகுதேன்னு இல்ல, எண்ணெய்க்கு அடுத்தவன்கிட்ட கையேந்த வேண்டாம்னுதான். 1979ல 53 கோடி டன் பக்கம் இருந்தது 1988 வாக்குல 40 கோடிக்கும் கீழ வந்துடுச்சு. பத்து வருஷம் கூட ஆகல. அணு உலை வேணுமா வேணாமாங்கற சண்டைக்கு நான் வரல, எங்க பக்கத்துல கூடங்குளம் இருக்கு, அந்த சண்டை எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல வர்றது, ஃபிரான்ஸ் பண்ண அந்த மொத்த வேலையும் உங்க 1990 கோட்டுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. உங்க படத்துல அது தெரியவே தெரியாது. ஸ்வீடனும் அப்படித்தான், 1970ல 9 கோடி டன்னைத் தாண்டி இருந்தது 1990க்குள்ளயே மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருச்சு. வீட்டை சூடாக்க எண்ணெய் எரிச்சுக்கிட்டு இருந்தவங்க ஊருக்கே பொதுவா வெந்நீர் குழாய் போட்டு மாறினாங்க, கரண்டுக்கு அணையும் அணு உலையும் இருந்துச்சு, 1991ல கார்பன் வரியும் வந்துச்சு.

இப்ப ஜெர்மனி, நான் வரி கட்டற நாடு. 1990ல 105 கோடி டன், 1995ல 94 கோடி. அஞ்சு வருஷத்துல 11 கோடி டன் இறக்கம், கேக்க நல்லாத்தான் இருக்கு. அதுல கணிசமான பங்கு கிழக்கு ஜெர்மனி ஃபேக்டரிங்க மூடினதால, பழுப்பு நிலக்கரி ஓட்டிக்கிட்டு இருந்த மில்லும் கொதிகலனும் நின்னு போனதால. கூட வேலை பாக்கற ஒருத்தர் கிழக்கு ஜெர்மனில பழுப்பு நிலக்கரி தோண்டற லவுசிட்ஸ் பகுதிக்காரர், அந்த சரிவு கோட்டைக் காட்டினா அவருக்கு அவங்க அப்பாவுக்கு வேலை போன வருஷம்தான் ஞாபகம் வருது. அதைப் போய் பருவநிலை சாதனைன்னு எப்படிங்க எழுதறது? போலந்து கதையும் பக்கத்துல வரும், புகையைக் குறைக்க நாடுங்க 1997ல போட்ட கியோட்டோ ஒப்பந்தத்துல அவங்களுக்கு 1990க்கு பதிலா 1988ஐ அடிப்படை வருஷமா வச்சுக்க விட்டாங்க, அதாவது சரிவுக்கு முன்னாடி இருந்த உயரத்துல இருந்து எண்ணிக்கலாம். இன்னிக்கும் அங்க கரண்ட்ல பாதிக்கு மேல நிலக்கரிதான். ஸ்பெயினுக்கு கியோட்டோவுல 15 சதவீதம் ஏத்திக்கவே அனுமதி, போர்ச்சுகலுக்கு 27. ஸ்பெயின் 2005, 2007 வரைக்கும் ஏறிட்டுத்தான் இறங்குச்சு, ஆனா இறங்கின வேகம் பெரிய வேகம், 1990ஓட ஒப்பிட்டா மட்டும் மந்தமா தெரியும். போர்ச்சுகல் 2021 நவம்பர்ல கடைசி நிலக்கரி ஸ்டேஷனையும் மூடிடுச்சு. ஆக, ஒரே வருஷத்துல இருந்து எண்ணினா முன்னாடியே உழைச்சவன் சோம்பேறி மாதிரி தெரியறான், ஃபேக்டரி இழுத்து மூடினவன் முதல் மார்க் வாங்கறான்.

இத்தனை கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்குத் தெரியறது ஒண்ணுதான். கோடு எங்க இறங்குதோ அங்க ஏதோ ஒரு குறிப்பிட்ட எரிபொருளை, குறிப்பிட்ட இடத்துல, நிறுத்தியிருக்காங்க. இலக்கு அறிவிச்சதால எந்தக் கோடும் இறங்கல. நிறுத்தினதை திரும்ப விட்டா கோடும் திரும்ப ஏறுது, அதுக்கு ஸ்வீடனே சாட்சி. 2024 ஜனவரில பெட்ரோல் டீசல்ல தாவர எண்ணெய் கலக்கற கட்டாயத்தை வெறும் 6 சதவீதமா குறைச்சாங்க, டீசலுக்கு மட்டும் அதுக்கு முன்னாடி 30 சதவீதத்துக்கு மேல இருந்துச்சு, அந்த வருஷமே நாட்டோட மொத்தக் கணக்கு சுமார் 7 சதவீதம் ஏறிடுச்சு. முப்பது வருஷமா எல்லாரும் உதாரணம் காட்டின நாடுங்க அது.

ஐரோப்பாவுல இன்னும் இறங்காத கோடு எதுன்னு உங்களுக்கே தெரியும். கரண்டும் பெரிய ஃபேக்டரியும் 2005ல ஆரம்பிச்ச உங்க கார்பன் சந்தைக்குள்ள (புகை விட பர்மிட் வாங்கி விக்கற சந்தை) இருக்கு, அங்க கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருச்சு. ரோடு அப்படியில்ல. யூனியன் முழுசுக்கும் பாத்தா போக்குவரத்து புகை 1990ஐ விட இன்னிக்கு அதிகம். ஜெர்மனில 1990ல 16 கோடி டன், இப்பவும் 14 கோடிக்கு மேல, முப்பத்தஞ்சு வருஷத்து உழைப்பு அவ்வளவுதான். போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் இலக்கைத் தவற விட்டுச்சு, தவற விட்டா அவசரத் திட்டம் போடணும்னு சட்டம் இருந்துச்சு, 2024ல அந்த சட்டத்தையே தளர்த்திட்டாங்க. பரீட்சைல பெயிலான பையனுக்கு பரீட்சையையே எடுத்துட்ட கதை. ஊருக்கெல்லாம் ஒரே மாச டிக்கெட்னு 49 யூரோவுக்கு கொடுத்தாங்க, அது 58 ஆச்சு, இப்ப 63. யூனியன்ல இல்லாத நார்வேல 2024ல வித்த புது காருல பத்துக்கு ஒன்பது பக்கம் பேட்டரி கார் (அவங்க கடல்ல தோண்டி நமக்கு விக்கற எண்ணெயும் கேஸும் அவங்க கணக்குல வராதுங்கறது தனிக் கதை), அதனால முடியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம்.

வீட்டு ஹீட்டிங் கதை என் வீட்டுலயே நடக்குது. நான் இருக்கறது வாடகை வீடு, கீழ்த்தளத்துல பழைய கேஸ் பாய்லர். கார்பன் விலை 2021ல டன்னுக்கு 25 யூரோன்னு ஆரம்பிச்சு 2025ல 55 ஆச்சு, அது கேஸ் பில்லுல தனி வரியா வருது, 2023ல இருந்து அதுல ஒரு பங்கை வீட்டுக்காரரும் கட்டணும்னு சட்டம் வந்ததுக்கு அப்புறம்தான் எங்க வீட்டுக்கார அம்மா ஹீட் பம்புன்னு (வெளிக்காத்துல இருக்கற சூட்டை கரண்டால வீட்டுக்குள்ள இழுக்கற மெஷின்) பேச்சே எடுத்தாங்க. ஆள் வந்து பாத்து கொட்டேஷன் எல்லாம் கொடுத்தாச்சு. அப்புறம் அரசாங்கம் மாறி ஹீட்டிங் சட்டத்தையே எடுத்துடுவோம்னாங்க, கூடவே நீங்க வீட்டு ஹீட்டிங்குக்கும் பெட்ரோலுக்குமான புது கார்பன் சந்தையை 2027ல இருந்து 2028க்கு தள்ளிட்டீங்க, அதுவும் இதே நவம்பர் பேச்சுலதான். அந்த அம்மா என்கிட்ட சொன்னது: "பொறுத்துப் பாப்போம், எப்படியும் திரும்ப மாத்துவாங்க." அவங்க மேல தப்பே இல்லங்க. நீங்க ஒரு வருஷம் தள்ளினா அவங்க பாய்லரை இன்னும் பதினஞ்சு வருஷத்துக்குப் புதுசா மாட்டிடுவாங்க, கேஸ் பாய்லரேதான் மாட்டுவாங்க. அந்தக் கோடு 2040ல எங்க போய் நிக்கும்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க. பில்லு கட்டப் போறது நானும் என் மாதிரி வாடகைக்காரங்களும்.

இப்ப இன்னொரு முனைக்கு வர்றேன். இந்த வெளிநாட்டு கிரெடிட் புது யோசனை ஒண்ணும் இல்ல, பழைய கள்ளு புது மொந்தை. க்ளீன் டெவலப்மென்ட் மெக்கானிசம்னு கியோட்டோ காலத்துல இருந்ததுதான். 2008ல இருந்து 2020 வரைக்கும் உங்க ஃபேக்டரிங்க 100 கோடி டன்னுக்கு மேல வெளிநாட்டு கிரெடிட்டை உங்க சந்தைல கொண்டு வந்து கொட்டினாங்க. என்ன ஆச்சு? சந்தைல பர்மிட் வெள்ளமா பெருகி 2013ல டன் விலை 5 யூரோவுக்கும் கீழ விழுந்துச்சு, கிரெடிட் விலை 1 யூரோ கூட இல்ல. ஃப்ரிட்ஜ் கேஸ் செய்யற கம்பெனிங்க எச்.எஃப்.சி 23ங்கற கழிவு வாயுவை அழிக்கறதுக்கு கிரெடிட் வாங்கினாங்க, அழிக்கற செலவை விட கிரெடிட் காசு பல மடங்கு, கடைசில நீங்களே 2013ல அதைத் தடை பண்ணீங்க. 2016ல உங்க கமிஷனுக்காகவே பண்ண ஆய்வு என்ன சொல்லுச்சு? பாத்த திட்டங்கள்ல 85 சதவீதம், கிரெடிட் காசு இல்லைன்னாலும் அனேகமா நடந்திருக்கும், இல்ல சொன்ன அளவு அனேகமா குறைச்சிருக்காதுன்னு. இதெல்லாம் உங்க அலமாரிலயே இருக்குங்க.

அந்த 85 சதவீதம்னா என்னன்னு எங்க ஊர்ல வந்து பாருங்க. ஆரல்வாய்மொழி கணவாய்ல தென்மேற்கு பருவக்காத்து புகுந்து வர்ற வேகத்துக்கு முப்பந்தல்ல இருந்து காவல்கிணறு, பணகுடி வரைக்கும் காத்தாலையா நிக்கும். என் சித்தப்பா அதுல ஒரு மில்லுக்காரங்க காத்தாலைக்கு பல வருஷம் வாட்ச்மேன். அந்த காத்தாலைங்க ஏன் வந்துச்சுன்னு அந்த வட்டாரத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க: 90கள்ல மொத்த முதலையும் முதல் வருஷமே தேய்மானமா கழிச்சுக்கலாம்னு வரிச்சலுகை இருந்துச்சு, நூல் மில்லுக்கு கரண்ட் கட்டு தொல்லை இருந்துச்சு, இங்க சுத்தற கரண்டை அரசு லைன்ல ஏத்திக் கொண்டு போய் மில்லுல எடுத்துக்கலாம். கணக்குக்கு கட்டுப்படியாச்சு, வந்தாங்க. கார்பன் கிரெடிட் எல்லாம் அப்புறம் வந்தது, தமிழ்நாட்டுக் காத்தாலைங்க நிறைய அந்த கிரெடிட் பட்டியல்ல பதிவாச்சு. காத்தாலை நல்லதுதான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா வரிச்சலுகைக்காக எப்படியும் நிக்கற காத்தாலையைக் காட்டி ஐரோப்பாவுல ஒரு சிமென்ட் ஃபேக்டரி கூடுதலா புகை விட்டா, காத்துல கார்பன் குறைஞ்சுதா கூடுச்சா? கூடுச்சு. எங்க சித்தப்பாவுக்கு சம்பளம் அதே சம்பளம்தான், அதையும் சொல்லிடறேன்.

இந்த தடவை விதி கடுமையா இருக்கும், பாரிஸ் ஒப்பந்தம், அசர்பைஜான் தலைநகர் பாகுல நடந்த பருவநிலை மாநாட்டுல 2024ல முடிவான விதின்னு சொல்லுவீங்க. சரி, அந்த விதிப்படியே பாப்போம். இந்தியா ஒரு டன் குறைப்பை உங்களுக்கு வித்துட்டா, அதை இந்தியா தன் கணக்குல காட்ட முடியாது. நீங்க முதல்ல வாங்கப் போறது மலிவா குறைக்க முடியற டன்னைத்தான், செலவு பிடிக்கற டன் எங்க ஊர்க்காரங்க தலைல மிஞ்சும். ஒரு ஜெர்மன்காரர் வருஷத்துக்கு 7 டன் பக்கம் விடறார், இந்தியர் 2 டன் பக்கம். 7 டன்காரர் தன் பாய்லரை மாத்தாம இருக்க 2 டன்காரரோட சுலபமான வழியை விலைக்கு வாங்கிக்கறதுக்கு என்ன நியாயம்ங்க?

அதனால உங்ககிட்ட கேக்கறேன். 2040 சட்டத்துல இருந்து அந்த 5 சதவீதத்தை எடுங்க, அடுத்த மறுஆய்வு வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே எடுக்கற வேலையை ஆரம்பிங்க. உங்களால அது முடியாதுன்னா, ஒவ்வொரு நாட்டு அமைச்சரும் தன் நாடு அந்த கிரெடிட்டைத் தொடாதுன்னு தனியா எழுதிக் கொடுக்கலாம், அதுக்கு 27 பேரும் ஒத்துக்கணும்னு அவசியம் இல்ல, ஸ்வீடனும் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் முதல்ல எழுதட்டும். எது எப்படியோ, உள்நாட்டுல குறைச்சதையும் வெளிய வாங்கினதையும் ஒரே கோட்டுல கலக்காதீங்க, ரெண்டு கோடா போடுங்க.

ரெண்டாவது, உங்க ஐரோப்பிய சுற்றுச்சூழல் ஏஜென்சி வெளியிடற ஒவ்வொரு நாட்டு அறிக்கைலயும் 1990க்கு முந்தின கோடு இருக்கணும், தலைக்கு எவ்வளவுன்னு இருக்கணும், இறக்குமதி சாமானோட கார்பனைச் சேத்தா எவ்வளவுன்னும் அதே பக்கத்துல இருக்கணும், நாட்டை விட்டுப் போற விமானமும் கப்பலும் எரிக்கறதையும் அடிக்குறிப்புல ஒளிச்சு வைக்காம மேல கொண்டு வாங்க. விவரம் எல்லாம் இருக்கு, வெளில சொல்ல உங்களுக்கு மனசுதான் வேணும்.

மூணாவது, ஹீட்டிங்குக்கும் பெட்ரோலுக்குமான சந்தை 2028ல வரணும், இன்னொரு தடவை தள்ளக் கூடாது. ஆனா விலை மட்டும் வந்து உதவி வராம போச்சுன்னா சனங்க தெருவுக்கு வருவாங்க, ஃபிரான்ஸ்ல 2018ல மஞ்சள் சட்டைக்காரங்க டீசல் வரிக்கு எதிரா வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சமூக பருவநிலை நிதி 2026ல இருந்து இருக்கு, அதுல வாடகைக்காரங்க வீட்டு பாய்லருக்குன்னு தனியா ஒதுக்குங்க, மாத்தின வீட்டுக்கு அந்த சாக்குல வாடகையை ஏத்தக் கூடாதுங்கற நிபந்தனையோட.

கடைசியா, இந்தியா மாதிரி நாட்டுக்கு காசு கொடுக்கணும்னு நிஜமாவே ஆசை இருந்தா தாராளமா கொடுங்க, ஆனா உதவியா கொடுங்க, பதிலுக்கு டன் கேக்காதீங்க. எந்தத் திட்டத்துக்குக் கொடுத்தாலும் அந்த கிராமத்து சபைல வச்சு, அந்த ஊர் பாஷைல, காசு எங்க இருந்து வருது யாருக்குப் போகுதுன்னு படிச்சுக் காட்டிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்க. பதில் எழுதறதா இருந்தா ஜெர்மன்லயோ இங்கிலீஷ்லயோ எழுதுங்க, தமிழ்ல நான் போட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ரூர் பகுதியில வாடகை வீட்டுல இருக்கற ஒரு ஆரல்வாய்மொழிக்காரன்